அம்மாவின் சம்மதம்

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு என் அம்மா இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டாள். அவள் எப்படிச் சம்மதித்தாள் என்று கேட்கிறவர்களுக்கு ஆளுக்குத் தகுந்த மாதிரி பதில் சொல்லி வந்திருக்கிறேன். கடையில் உடன் வேலை செய்கிற பெண்களிடம் ஒன்று, மாமியாரிடம் ஒன்று. நடந்ததை நடந்தபடி எழுதலாம் என்று இப்போதுதான் தோன்றியது.

நான் திருப்பதியில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என் பிழைப்பு. கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பமே வந்து பாயில் உட்காரும். கட்டப்போகிற பெண்ணின் கண் எந்தப் புடவையில் நின்றது என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். அவள் வாயைத் திறக்கமாட்டாள். அத்தை ஒரு நிறம் சொல்வாள், அது கறுப்பாகக் காட்டும் என்று அக்கா சொல்வாள், யாரோ படம் எடுத்து பெங்களூருக்கு அனுப்பிக் கேட்பார்கள். கடைசியில் யாருக்கு முதலில் பசிக்கிறதோ அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். இதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த நான், அம்மா விஷயத்தில் அதே பாயில் உட்கார்ந்த அத்தையைப் போலத்தான் நடந்துகொண்டேன்.

அம்மா வீடு பிச்சாட்டூருக்குப் பக்கத்துக் கிராமத்தில். எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்போம், போன பிறகு அண்ணன், அண்ணியோடு இருந்தாள். அண்ணன் கம்பெனி பஸ்ஸில் விடியுமுன் வேலைக்குப் போய்விடுவான். நிலத்தையும் மாட்டையும் அம்மா பார்த்துக்கொள்வாள், நடுவில் கூலி வேலைக்கும் போவாள். அவள் வளர்த்த பசு ஒன்று இருந்தது. கொஞ்சம் முரடு. அம்மாவையும் அண்ணனையும் தவிர யாரையும் பக்கத்தில் விடாது. ஒரு மழைநாளில் அந்தக் கொட்டகையிலேயே அம்மா வழுக்கி விழுந்து கையை ஊன்றினாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

அண்ணன் அவளைத் திருப்பதிக்கு அழைத்துவந்தான். எக்ஸ்ரே எடுத்தோம். சின்ன விரிசல், மாவுக்கட்டு போடலாம் என்றார் டாக்டர். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புத்தூர் கட்டு போட்டுக்கறேன்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "பஸ்ஸு நேரா போவுது" என்றாள். அண்ணனுக்குச் சிரிப்பு. பிச்சாட்டூரிலிருந்து திருப்பதிக்கு வருவதானால் பஸ் மாற வேண்டும், திரும்பத் திரும்ப அவனை லீவு போடச் சொல்ல வேண்டும். அது அவள் கணக்கு. வாய்விட்டுச் சொன்னது பஸ்ஸை மட்டும்தான்.

முதல் கட்டுக்கு நானும் கூடப் போனேன். புத்தூரில் எலும்பு முறிவுக்குப் பச்சிலை வைத்துக் கட்டுகிற இடத்தில் கூட்டம் வாசல்வரை இருந்தது. சென்னை நம்பர் கார்கள், கர்நாடகா நம்பர் வேன், தூக்கி வரப்பட்டவர்கள், நொண்டி வந்தவர்கள். பச்சிலை வாசனையும் முட்டை வாசனையும் கலந்து வந்துகொண்டிருந்தது. பெஞ்சில் எங்களுக்கு முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அம்மாவைவிட நாலைந்து வயது அதிகம் இருக்கும். வெள்ளைச் சட்டையில் மண் கறை. கை முழங்கைக்குக் கீழே ஒடிந்திருந்தது. பைக்குக்கு நாய் குறுக்கே வந்துவிட்டதாம்.

அவர் முறை வந்தது. கட்டுகிறவர் கையைப் பிடித்து நேராக்கினார். அந்த மனிதர் போட்ட சத்தத்தில் வாசலில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "அய்யோ, அம்மா, சச்சிப்போயினேனே" என்று, செத்தேன் என்பதைத் தமிழும் தெலுங்குமாகக் கலந்து கத்தினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கட்டு முடிந்ததும் அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

அடுத்தது அம்மா. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஒரு சத்தமும் வரவில்லை. அவர் பெஞ்சில் இருந்தபடியே சொன்னார்: "நோவுதுன்னா கத்துங்கம்மா. இங்க யாரு உங்களுக்கு மார்க்கு போடப்போறாங்க?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே "அம்மா" என்று ஒரு முறை கத்தினாள். அவள் வலிக்குக் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கட்டு மாற்ற இருவருக்கும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். அப்படித்தான் பழக்கமாயிற்று. அவருக்குக் கார்வேட்டிநகரம் பக்கம். மாந்தோப்பு வைத்திருந்தார். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன் பெங்களூரில். எங்கள் சாதிதான், ஆனால் சொந்தம் இல்லை. அந்த வகையில் யாரும் எதுவும் சொல்வதற்கில்லை. இரண்டாவது கட்டுக்கும் நான் போனேன். மூன்றாவதுக்கு அம்மா தனியாகப் போனாள். நீ லீவு போடாதே, பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கிறது என்று போனில் சொன்னாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

கட்டைப் பிரிக்கிற நாளில் நானும் இருந்தேன். முடிந்து வெளியே வந்து மூன்று பேரும் டீ குடித்தோம். அவர் கிளாசை வைத்துவிட்டு என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"பாப்பா, உங்க எதிர்லயே கேக்கறேன். பின்னால கேட்டா தப்பா பூடும். இனிமே கட்டுன்னு சொல்லிக்கினு வர்றதுக்கு இல்ல. உங்கம்மாவுக்கு இஷ்டம்னா நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு எனக்குத் தோணுது. நான் இன்னும் அவங்கள கேக்கல. இப்பதான் கேக்கறேன்."

அம்மா டீயைக் குடித்து முடித்தாள். கட்டிலிருந்து வெளியே வந்த கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பஸ்ஸு வந்துட்டுது" என்று எழுந்தாள். உண்மையிலேயே பஸ் வந்திருந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனேன். அண்ணனிடம் அம்மாவே சொல்லியிருந்தாள். அவன் யாரோடும் பேசாமல் கொட்டகைக்குக் கீற்று மாற்றிக்கொண்டிருந்தான். நான் போனதும் இறங்கி வந்தான்.

"நீ கூடத்தான இருந்த? அந்தாளு கேக்கறப்ப இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"டீ குடிச்சிக்கினு இருந்தேன்" என்றேன்.

"ஊருல இன்னா பேசுவாங்க தெரியுமா? பேரன் பேத்தி எடுத்தவ. சோறு போட ஆள் இல்லியா? நான் போடலியா?"

அம்மா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. அண்ணன் பேசியது மானத்தைப் பற்றி. நான் அவனுக்கு எதிராகப் பேசவில்லை. என் மகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை வந்தால் அம்மாதான் திருப்பதிக்கு வந்து பார்த்துக்கொள்வாள். அது என் மனதில் ஓடியது. ஆனால் நானும் "உடம்புக்கு வயசாயிடுச்சே, புது இடத்துல போய்க் கஷ்டப்படணுமா" என்றுதான் சொன்னேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அம்மா வெளியே வந்து கையைத் துடைத்தாள். "வேணாம்னு போன்ல சொல்லிடறேன். வுடுங்க" என்றாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அண்ணனுக்கு முகம் தெளிந்துவிட்டது. கோழி அடிக்கலாமா என்றுகூடக் கேட்டான். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணி பரிமாறினாள். அவள் அதிகம் பேசாத பெண். சத்தியவேடு பக்கத்தவள். பள்ளிக்கூடமெல்லாம் தெலுங்கில் படித்ததால், முக்கியமானதைச் சொல்லும்போது 'இல்லையா' என்பதற்கு 'காதா' என்று தெலுங்கு கலந்துவிடும். அம்மா போய்விட்டால் அதிகம் சிரமப்படப்போவது அவள்தான். வீடு, குழந்தைகள், மாடு எல்லாம் அவள் தலையில் விழும். அந்த அண்ணிதான் சாப்பாட்டின் நடுவில் சொன்னாள்:

"அத்தைய யாரும் கேக்கவே இல்ல காதா."

அண்ணன் நிமிர்ந்தான். "இன்னா கேக்கல? அவளே வேணாம்னு சொல்லிட்டா."

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சப்புறம் சொன்னாங்க. அத்தே, எங்களுக்காக வேணாம்னா அப்படியே சொல்லுங்க. உங்களுக்கே வேணாம்னா அதயும் சொல்லுங்க. ரெண்டும் வேற வேற."

அம்மா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு எங்களைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தாள்.

"உங்க நைனா வயித்து நோவு எத்தினி நாளா வெச்சிக்கினு இருந்தாருன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. பக்கத்துலதான் படுத்துக்கினு இருந்தேன். கேட்டா வெறும் கேஸு, வாயுன்னுவாரு. சோடா குடிப்பாரு. திருப்பதிக்கு இட்டுக்கினு போனப்ப டாக்டரு என்னத்தான் கேட்டாரு, இத்தினி நாள் இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தன்னு. நான் இன்னா சொல்றது? நல்ல மனுசன்தான். ஒரு வார்த்த கெட்டதா பேசினதில்ல. ஆனா அவரு மொகத்தப் பாத்து நானா கண்டுபுடிக்கணும். பசிக்குதா, கோவமா, நோவுதா, எல்லாம் நானா கண்டுபுடிக்கணும். கடைசில கண்டுபுடிக்க முடியாம பூட்டுது."

அண்ணனுக்கு இது தெரியாது. நைனாவின் கடைசி வருஷத்தில் அவன் ஓசூரில் வேலையில் இருந்தான். எனக்கும் பாதிதான் தெரியும்.

"இந்த மனுசன் அன்னிக்கு அவ்ளோ பேர் முன்னால கத்தினாரு. எனக்கு முதல்ல அசிங்கமா இருந்துச்சி. அப்புறம் பஸ்ஸுல வரும்போது நெனச்சேன், இந்தாளுகூட இருந்தா எதயும் கண்டுபுடிக்கத் தேவயில்ல, அவரே சொல்லிடுவாருன்னு. எனக்குச் சோத்துக்கு இல்லன்னு நான் சொல்லல. நீ போடற. நல்லாத்தான் போடற. இது வேற."

அண்ணன் கை கழுவப் போய்விட்டான். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது. கல்யாணத்துக்குச் சம்மதித்தால் அதற்குத் தனிமை, துணை, பயம் என்று ஏதாவது காரணம் இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. அதை அவள் எங்களிடம் சொல்லியே இருக்கமாட்டாள், அண்ணி கேட்டிராவிட்டால்.

அப்போதும் அவள் சரி என்று சொல்லிவிடவில்லை. வேணாம் என்று போனும் செய்யவில்லை. கொஞ்ச நாள் அப்படியே போயிற்று. ஒரு மத்தியானம் கடையில் கூட்டம் குறைவாக இருந்தபோது போன் வந்தது.

"பாப்பா, கார்வேட்டிநகரத்துல இருந்து பேசறேன்."

"அங்க எதுக்குப் போன?"

"வீட்ட பாக்க. நீங்க பொடவ எடுக்கறதுக்கே நாலு தடவ பிரிச்சிப் பாக்கறீங்க. நான் ஒரு வீட்டப் பாக்க வேணாமா?"

சொல்லாமல் போயிருக்கிறாள். அவருக்கும் சொல்லவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டுப் போய் நின்றிருக்கிறாள். அவர் பனியனோடு தோட்டத்தில் பைப்பை இழுத்துக்கொண்டிருந்தாராம். பதறிப்போய் சட்டையைத் தேடி உள்ளே ஓடினாராம். அம்மா அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு குறும்பு இருந்தது. அவளுக்கு அப்படியொரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

"வீடு எப்படி இருக்கு?"

"வீடு வீடு மாதிரி கீது. தண்ணி நல்ல தண்ணி. பாத்ரூம் உள்ளயே கீது. அந்தம்மா போட்டோவுக்குப் பூ போட்டிருந்தாரு, இன்னிக்கி பூவுதான். நான் வருவேன்னு தெரியாதில்ல, அப்ப தெனமும் போடறாருன்னு அர்த்தம். கொழம்பு வெச்சிருந்தாரு. உப்பு ஜாஸ்தி."

"நீ இன்னா சொன்ன?"

"மூணு விஷயம் சொன்னேன். நான் கூலி வேலைக்குப் போவேன், நிறுத்தமாட்டேன். என் பேங்கு புக்கு என்கிட்டயே இருக்கும். அப்புறம் மாட்ட இட்டுக்கினு வருவேன்."

"அவரு?"

"மொத ரெண்டுக்கும் சரேன்னாரு. மாட்டுக்குத்தான் யோசிச்சாரு. முட்டுமான்னு கேட்டாரு. முட்டும்னேன். சரி, நான் தூரமா இருக்கறேன்னாரு."

நான் கடையில் நின்றுகொண்டு சிரித்தேன். என்ன என்று பக்கத்துப் பெண் கேட்டாள். அம்மாவுக்குக் கல்யாணம் என்று சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அப்போதுதான். சொன்ன பிறகு எனக்கும் அது முடிவாகிவிட்ட மாதிரி இருந்தது. அதுவரை மனதில் பத்துக் கேள்விகள் வைத்திருந்தேன். அவற்றுக்குப் பதில் எதுவும் வந்துவிடவில்லை. கேள்விகள் தாமாகவே இளைத்துப்போயின.

கல்யாணம் அவர் ஊருக்கு வெளியே ஒரு சின்ன முருகன் கோயிலில் நடந்தது. பெங்களூரிலிருந்து அவர் மகன் வந்திருந்தான். கூச்சமாக ஓரத்தில் நின்று போட்டோ எடுத்தான். அண்ணி குழந்தைகளோடு வந்தாள். அண்ணன் வரவில்லை. ஷிப்ட் மாற்ற முடியவில்லை என்று சொல்லியனுப்பினான். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மாலை மாற்றும் நேரத்தில் ஒரு முறை கோயில் படிகளைப் பார்த்தாள். நான் அதைப் பார்த்தேன்.

அதன் பிறகு மாட்டை ஏற்றுகிற நாள் வந்தது. அவர் ஒரு குட்டியானை வண்டி பேசி அனுப்பியிருந்தார். என் கணவரும் டிரைவரும் பசுவை வண்டியில் ஏற்றப் பார்த்தார்கள். அது முன்கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. டிரைவரை ஒரு தள்ளுத் தள்ளியது, அவர் வைக்கோல் போரில் போய் உட்கார்ந்தார். அம்மா முன்னால் நின்று கூப்பிட்டாள். அவளிடம் வந்தது, பலகையில் கால் வைத்ததும் பின்வாங்கியது. அண்ணன் வீட்டுக்குள் இருந்தான். அன்று அவனுக்கு லீவு. டிவி சத்தம் வெளியே கேட்டது.

கொஞ்ச நேரத்தில் டிவி நின்றது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். மாட்டின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, காதுக்குப் பக்கத்தில் ஏதோ முணுமுணுத்து, தானே முதலில் வண்டியில் ஏறிக் கயிற்றை இழுத்தான். அது பின்னாலேயே ஏறிவிட்டது. அவன் இறங்கினதும் மறுபடி கத்தி உதைக்க ஆரம்பித்தது. அண்ணன் திரும்ப ஏறினான்.

"போங்க" என்றான் டிரைவரிடம். "நான் இறங்கினா இது வண்டிய ஒடச்சிடும்."

புத்தூர் தாண்டி கார்வேட்டிநகரம் வரை அவன் பின்னால் மாட்டோடு நின்றுகொண்டே வந்தான். நாங்கள் ஆட்டோவில் தொடர்ந்தோம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. அம்மா வழியெல்லாம் வெளியே தலை நீட்டி அவனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர் கேட்டைத் திறந்துவிட்டு, சொன்னபடி தூரமாகப் போய் நின்றார். அண்ணன் மாட்டை இறக்கினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தது அப்போதுதான்.

"எங்க கட்டறது?" என்றான் அண்ணன்.

"உங்க மாடு. நீங்களே பாத்து சொல்லுங்க பாபு" என்றார் அவர்.

அண்ணன் தோட்டத்தைச் சுற்றி வந்தான். இங்கே மழைத்தண்ணீர் நிற்கும், அங்கே காற்று வராது என்று ஒவ்வொரு இடமாகத் தள்ளினான். கடைசியில் ஒரு புளியமரத்தடியைக் காட்டினான். அவர் கடப்பாரை எடுத்துவந்தார். இரண்டு பேரும் சேர்ந்து முளை அடித்தார்கள். அடிக்கும்போது கல் ஒன்று தெறித்து அவர் காலில் பட்டது. அவர் வழக்கப்படி கத்தினார். அண்ணன் பயந்துபோய் கடப்பாரையைப் போட்டுவிட்டு அவர் காலைப் பிடித்துப் பார்த்தான். தோல்கூடக் கிழியவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று அண்ணன் அங்கேயே சாப்பிட்டான். குழம்பு அம்மா வைத்தது. பேச்சு அதிகம் இல்லை. கிளம்பும்போது மட்டும் அவரிடம், "பால் கறக்கும்போது பக்கத்துல போவாதீங்க" என்று சொன்னான். அதை மரியாதையாகத்தான் சொன்னான்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. அண்ணி இப்போது அண்ணன் போன அதே கம்பெனி பஸ்ஸில் விடியுமுன் வேலைக்குப் போகிறாள், அவன் மத்தியான ஷிப்டுக்கு மாறிக்கொண்டான். அதுவும் ஒரு சண்டையில்லாமல் முடிவாகவில்லை. அண்ணன் காலையில் குழந்தைகளுக்குத் தலை வாரிவிடுகிறான், கோணலாகத்தான் வரும். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று எங்கள் இருவருக்கும் இன்னும் பிடிபடவில்லை. நைனா என்று வாய் வரவில்லை. "ஏங்க" என்று ஆரம்பித்து அப்படியே பேசிவிடுகிறோம். அவருக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் சொல்லியிருப்பார்.

அம்மாவும் அவரும் எப்போதும் ஒத்துப்போகிறார்கள் என்று சொல்லமுடியாது. அவருக்குத் தெலுங்கு நியூஸ் வேண்டும், அவளுக்குத் தமிழ் சீரியல் வேண்டும். உப்பு விஷயத்தில் இன்றுவரை சமாதானம் இல்லை. அவர் மனத்தாங்கலை உடனே கொட்டிவிடுவார். அம்மாதான் எதையாவது மனதில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருப்பாள். "உங்கம்மா மொகத்தப் பாத்து என்னால கண்டுபுடிக்க முடியல பாப்பா, நீயாவது கேட்டு சொல்லு" என்று எனக்குப் போன் செய்வார்.

இந்தக் கோடையில் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் டான்ஸ் இருந்தது. அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். வருகிறேன் என்றவள் முந்தின நாள் கூப்பிட்டு, தோப்பில் காய் பறிப்பு ஆரம்பித்துவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள், வரமுடியாது என்றாள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். முன்பெல்லாம் நான் கூப்பிட்டு அவள் வராமல் இருந்ததே இல்லை. விடுமுறையில் மகளை இப்போது பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.

மறுநாள் சாயங்காலம் டான்ஸ் முடிந்து வந்து, வீடியோவை அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வரவில்லை. காலையில் கடைக்குக் கிளம்பும் நேரத்தில் கூப்பிட்டாள். பின்னால் லாரி சத்தமும் ஆட்கள் சத்தமும் கேட்டன.

"பாத்தேன் பாப்பா. நல்லா ஆடறா. எடது கால் மட்டும் லேட்டா வருது" என்றாள். "இப்ப லோடு ஏறுது, அப்புறமா பேசறேன்."

போனை வைத்துவிட்டாள்.